நடுக்கூடத்துக் கோலம்

தரைக்கல் விற்க வந்திருக்கும் தம்பிகளே, வாடிக்கைக்காரரின் முகத்தைப் பார்க்காதீர்கள். பளிங்கு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லா முகமும் மலர்ந்துவிடும். காலைப் பாருங்கள். கால் பெருமைக்கு ஆசைப்படாது. சுடக் கூடாது, வழுக்கக் கூடாது, அவ்வளவுதான் அதற்கு.

நான் கடையை விட்டு விலகி வந்தாயிற்று. இன்னும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சாமி படத்தைப் பார்க்கும் முன்னே கண் தரைக்குப் போகிறது. மழை பெய்து ஓய்ந்த தெருவிலிருந்து யாராவது ஈரக்காலோடு படியேறினால் என் நெஞ்சு முன்னால் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறது. தலை இன்னும் முழுதாக நரைக்கவில்லையே, அதற்குள் என்ன ஓய்வு என்று கேட்கிறீர்கள். முழங்கால், ஐயா. வாழ்நாளெல்லாம் தரையில் மண்டியிட்டவனுக்குத் தரை தந்த பென்ஷன் அது.

சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதெல்லாம் வேலையாட்களை நடத்தும் உங்கள் மண்டோர்கள் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லித் தராத ஒன்றை நான் சொல்கிறேன். எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் நடந்தது. மோட்டார் வண்டிகள் மாட்டு வண்டிகளுக்கு வழிவிட்டுக் காத்து நின்ற காலம்.

தெய்வானை அக்கா எங்கள் கடைக்கு வந்தபோது குடையை மடக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. அவர் வீட்டுக்காரர் ரயில்வே பண்டகசாலையில் பொறுப்பான வேலையில் இருந்தவர். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் செங்கல்லில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது, கூரை ஏறிவிட்டது, தரை மட்டும் பாக்கி. என்ன கல் வேண்டும் என்று கேட்டேன். "வழுக்காத கல்லு," என்றார். அதுவரை அப்படி ஒரு கல்லை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பளபளக்கிற கல் கேட்பார்கள், மலிவான கல் கேட்பார்கள், அம்பாங் சீன முதலாளி தவுக்கே வீட்டில் போட்ட அதே கல் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். அவர் மகள் செல்லத்தைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வரவிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் கேரித் தீவுத் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்துவிட்டுக் கிள்ளானில் வீடு கட்டிக் குடியேறியவர். ஆள் கனம். ஏற்கெனவே இரண்டு வீடுகளுக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறார். ஒரு வீட்டில் வாசலில் வழுக்கி விழுந்தார். இன்னொரு வீட்டில் கைகழுவப் போன இடத்தில் விழுந்தார். இரண்டு தடவையும் தானே எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "இந்த வீட்டுத் தரைக்கு என்னப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். சகுனம் என்றால் அவருக்கு அது ஒன்றுதான். பல்லி சொன்னால் பதில் சொல்வார், பூனை குறுக்கே போனால் வழிவிடுவார். வழுக்கினால் மட்டும் சம்பந்தம் கிடையாது.

"வேற இடம் பாக்கலாமேக்கா," என்றேன்.

அக்கா அப்போதுதான் குடையை மடக்கினார். "பொண்ணு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல தம்பி. ஆனா காலையில கிள்ளான் ரயிலு ஊதுனா, அடுப்புல பாலு பொங்குறதக்கூட விட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுறா. அந்தப் பையன் அந்த ரயில்லதான் ஆபீசுக்கு வரான் லா."

ஒரு பெண்ணின் ஜன்னலை என் கல் தாங்க வேண்டும் என்றாகிவிட்டது.

அறை அறையாகப் பேசினோம். வாசல் தாழ்வாரத்துக்கு மலாக்காவிலிருந்து வரும் சிவந்த சுட்ட ஓடு என்றேன். அது ஈரப் பாதத்தைத் துண்டு போல் ஒற்றி எடுக்கும். குளிக்கும் இடத்துக்கு உளி கொத்திய கருங்கல். சோப்பு நுரைக்கும் அது பயப்படாது. படுக்கையறைக்குச் சிவப்புச் சிமெந்து. மத்தியான வெயிலில் அதில் கன்னத்தை வைத்துப் படுத்தால் யாரோ மன்னித்துவிட்டது போல் இருக்கும். இதற்கெல்லாம் அக்கா தலையாட்டினார். சமையலறை வந்ததும் அடம்பிடித்தார். அங்கே பளிங்குதான் வேண்டுமாம். நான் விவாதிக்கவில்லை. ஒரு பளிங்குத் துண்டை மேசைமேல் வைத்து அதன் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கல் பாம்பு மாதிரி சீறி நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் பளபளப்புப் போய், அந்த இடம் மட்டும் தூக்கம் கெட்ட கண் போல் மங்கிக் கிடந்தது.

"ஐயோ," என்றார் அக்கா. "இதுக்கு நம்ம ரசம் ஒத்துக்காது போல இருக்கே." சமையலறைக்கும் கருங்கல் என்று முடிவாயிற்று.

மிச்சமிருந்தது கூடம். கூடத்துக்குச் சாயச் சிமெந்தில் பூப்போட்ட கல். நடுவில் ஒரு பெரிய கோலம், கல்லிலேயே பதித்தது. தினமும் குனிந்து போட அக்காவின் இடுப்பு சம்மதிக்கவில்லை. கல்லில் இருந்துவிட்டால், விசேஷ நாளில் அதன்மேல் மாவு இழுத்துவிடலாம். நல்ல யோசனை. நானும் மெச்சினேன். இந்தக் கோலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பிகளே.

பூக்கல்லில் எது வழுக்கும், எது வழுக்காது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் ஒரு நாள் காலை அந்த முடியாத கூடத்தில் மாதிரிக் கற்களை வரிசையாகப் பரப்பினேன். கிராணியின் கனத்துக்கு ஓரளவு கிட்டே வரும் ஆள் அங்கே வீட்டுக்காரர் சோமு அண்ணன்தான். அவர் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தடவி, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். முதல் கல்லில் நடந்தார். இரண்டாவதிலும் நடந்தார். மூன்றாவதில் ரயில் மாதிரி நேராகப் போய்ச் சுவரில் நின்றார். நான்காவதில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வேணாம்," என்றார் தரையிலிருந்து, ரொம்ப நிதானமாக.

இந்த ஆராய்ச்சியில் நான் மூழ்கியிருக்கும்போதுதான், கூடத்தின் அந்தப் பக்கத்தில் தெய்வானை அக்கா எங்கள் மண்டோரோடு பேசிக்கொண்டிருந்தார். மண்டோர் ஆ சோங் சீனர். கல் பதிப்பதில் கெட்டிக்காரர். தமிழ் தெரியாது. அக்காவுக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் நடுவில் சந்தையில் பேசும் பாசார் மலாய் ஒரு மரப்பாலம் போல் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தன் மலாயில் பெரிய நம்பிக்கை. கூடத்தின் நடுவைக் காட்டி, "சினி. கோலம். புசார்," என்றார். இங்கே, கோலம், பெரிதாக. மண்டோர் கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்குள்ளேயா என்று கேட்டார். வீட்டுக்குள்ளேதான் என்றார் அக்கா. பிறகு மண்டோர் கேட்டார்: "இக்கான் மாவு?"

மாவு என்றதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த மனுஷனுக்குக் கோலமும் தெரிகிறது, மாவும் தெரிகிறதே. "மாவு, மாவு," என்றார். "பூத்தே." வெள்ளை. நிறைய வேண்டுமா என்று மண்டோர் கேட்டார். நிறைய, என்றார் அக்கா.

எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். அந்தப் பேச்சு முழுக்க என் காதில் விழுந்தது. ஆனால் கையில் கயிறு, கயிற்றில் சோமு அண்ணன். என் காது அதைச் சுத்தத் தமிழாகவே கேட்டுக்கொண்டது: கோலம், மாவு, வெள்ளை, நிறைய. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கூடத்தின் ஓரங்களுக்கான பூக்கல் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. நான் அதற்காகப் போய்விட்டேன். கப்பல் தாமதித்தது. கல்லை லோரியில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, கணக்கு முடித்து நான் திரும்புவதற்குள் பெண் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் வந்துவிட்டது. அதுவரை அந்த வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. சிமெந்து காயாமல் ஒரு கால் உள்ளே வந்தாலும் வேலையை விட்டுவிடுவேன் என்று மண்டோர் வாசலில் கயிறு கட்டியிருந்தார். அக்கா குடும்பம் பழைய குடியிருப்பிலேயே இருந்தது.

அன்று மத்தியானம் மண்டோர் கயிற்றை அவிழ்த்தார். அக்கா, அண்ணன், செல்லம், நான் எல்லோரும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனோம். தாழ்வாரம் அருமை. கூடத்தின் ஓரம் அருமை. கூடத்தின் நடுவில் ஒரு குளம்.

குளம்தான். சதுரமாக, முழங்காலளவு ஆழத்தில், உள்ளே நீலமும் வெள்ளையும் கலந்த கல் பதித்து, சுற்றிலும் கொத்திய கருங்கல்லில் விளிம்பு கட்டி, முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் நிரப்பியிருந்தார் மண்டோர். தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாக மீன்கள். அம்பாங் பக்கத்தில் ஈயம் தோண்டிய குட்டைகளில் ஆள் வைத்துத் தேடி, வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்தாராம். மண்டோர் கையைக் கட்டிக்கொண்டு, பாராட்டுக்காக நின்றார்.

மலாயில் கோலம் என்றால் குளம், தம்பிகளே. இக்கான் என்றால் மீன். மாவு என்றால் வேண்டும். மீன் வேண்டுமா என்று அந்த மனுஷன் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். வேண்டும், வெள்ளையாக, நிறைய என்று அக்கா ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். அக்கா குடும்பம் சைவம். மீன்காரரோடு பேச வேண்டிய அவசியமே இல்லாததால் இக்கான் என்ற ஒரு சொல் மட்டும் அவர் மலாயில் ஏறவில்லை.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவர் கேட்டது குளத்தைப் பற்றி அல்ல. "சைவ வீட்ல மீனா?"

"நாம தின்னாத்தானேக்கா தப்பு," என்றேன். "அதுங்க பாட்டுக்கு நீந்திக்கிட்டுப் போவுது."

செல்லம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். கிள்ளான் ரயிலுக்கு அது நேரமே இல்லை.

இனித்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. விடிந்தால் கிராணி வருகிறார். நடுக்கூடத்தில் பள்ளம். அண்ணனுக்கு உடனே வந்த யோசனை, பலகை போட்டு மேலே ஜமுக்காளம் விரித்துவிடலாம் என்பது. பலகையைப் போட்டு நான் அதன்மேல் ஏறி நின்றேன். பலகை முனகியது. நான் நோஞ்சான், கிராணி நின்றால் பலகை முனகாது, பேசிவிடும். மண்ணைக் கொட்டி மூடிச் சிமெந்து பூசலாம் என்றார் அக்கா. பூசலாம், விடிவதற்குள் காயாது. ஈரச் சிமெந்தில் கால் வைத்த கிராணியை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் கை பரபரக்கும். எதையாவது எடுத்து எதையாவது மூடத் தோன்றும். மூடாதீர்கள். நான் விளிம்பில் உட்கார்ந்து, களைத்த காலைத் தண்ணீரில் விட்டேன். யோசிக்க அல்ல, துறைமுகத்தில் நின்று நின்று கால் எரிந்தது, அதனால். மீன்கள் வந்து பாதத்தைத் தொட்டன. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. அந்த வீட்டிலேயே வழுக்கவே வழுக்காத இடம் அந்தக் கருங்கல் விளிம்புதான். கனமான மனிதர் ஒருவர் உட்கார்ந்தால், விழ வழியே இல்லை.

"மூடுனா இது பள்ளம்கா," என்றேன். "தொறந்து வெச்சா குளம். நாளைக்கு இது கால் கழுவுற குளம். வேணும்னே கட்டுனது. யாரும் முழிக்கக் கூடாது."

அக்கா என்னைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மகளின் முதுகைப் பார்த்தார். பிறகு மண்டோரிடம் திரும்பி, "சாந்தே," என்றார். அழகு. மண்டோர் அதற்காகத்தான் அவ்வளவு நேரமும் நின்றிருந்தார்.

மறுநாள் காலை கிராணி வந்தார். புதுச் சப்பாத்து, கிள்ளானிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த கால். சப்பாத்தை வாசலில் கழற்றியதும் பாதம் இரண்டும் உப்பிய பூரி போல் வெளியே வந்தன. தாழ்வாரத்தில் முதலில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு பாதி பாதம். பிறகுதான் உடம்பைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் மகன், ஒல்லியாக, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல். நான் கல் கடைக்காரனாக ஓர் ஓரத்தில் நின்றேன். நெஞ்சு மட்டும் அவர் முழங்கைக்குக் கீழே ஓடி ஓடிப் போயிற்று.

கூடத்தில் நின்றார். "இது என்னது?"

யாரும் முழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் முழித்தார்கள்.

"கால் கழுவுற குளம் ஐயா," என்றேன். "வாசல்ல செம்புத் தண்ணிய வெச்சு வெளியிலேயே கழுவிட்டு வான்னு சொல்ற வீடு இல்ல இது. உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுத்தான் கழுவச் சொல்றது."

கிராணி கருங்கல்லைத் தடவிப் பார்த்தார். சொரசொரப்பு அவருக்குப் பிடித்தது. உட்கார்ந்தார். காலை விட்டார். தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. மீன்கள் கூட்டமாக வந்து, தோட்டமெல்லாம் நடந்து காய்த்துப்போன அந்த உள்ளங்காலைக் கொத்தத் தொடங்கின. அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு கோணியது. பிறகு அந்தக் கனத்த உடம்பிலிருந்து, கிச்சுக்கிச்சு மூட்டிய குழந்தையின் சிரிப்பு ஒன்று வெளியே வந்தது. அவர் மகனே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவன் அதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்காரலாமே என்றார் அண்ணன். இங்கேயே இருக்கட்டும் என்றார். வடை குளத்துக்கு வந்தது. ஒரு விள்ளல் அவருக்கு, ஒரு துணுக்கு மீனுக்கு. ஜாதகம் பற்றிய பேச்சும் அங்கேயே நடந்தது. எல்லாம் கரையேறியது என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது செல்லம் காப்பி கொண்டுவந்தாள். கிராணிக்குக் கொடுத்தாள். குளத்தின் அந்தக் கரையில் நின்ற மாப்பிள்ளைக்கும் எட்டிக் கொடுத்தாள். அவன் டம்ளரை வாங்கினான். அவளைப் பார்த்தான். பார்த்தபடியே ஓர் அடி முன்னால் வைத்தான்.

தொபுக்கென்று ஒரு சத்தம். முழங்கால் வரை தண்ணீரில், வேட்டி பூவாக விரிந்து மிதக்க, மாப்பிள்ளை குளத்துக்குள் நின்றுகொண்டிருந்தான். டம்ளர் மட்டும் கோபுரக் கலசம் மாதிரி உயரத்தில்.

கிராணியின் சிரிப்பு நின்றுவிட்டது. வடையைக் கீழே வைத்தார். அந்த முகத்தை ஏற்கெனவே இரண்டு வீடுகள் பார்த்திருக்கின்றன. "விழுந்துட்டான்," என்றார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். என் கல், என் விளிம்பு, என் புத்திசாலித்தனம் எல்லாம் அந்தத் தண்ணீரில் மிதந்தன. அப்போது, அதுவரை அந்தக் கூடத்தில் ஒரு வார்த்தை பேசாத செல்லம் பேசினாள்.

"விழல. இறங்குனாரு."

கிராணி அவளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "டேய். விழுந்தியா, இறங்குனியா?"

அவன் தகப்பனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். "இறங்குனேன்பா," என்றான். "தண்ணி சில்லுன்னு இருக்கு."

கிராணி தோட்டத்தில் எத்தனையோ வழக்குத் தீர்த்தவர். சாட்சி சொல்வதை அப்படியே நம்புகிற ஆள் இல்லை. கையை நீட்டி மகனின் டம்ளரை வாங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். விளிம்பு வரை காப்பி, நுரைகூடக் கலையவில்லை.

"விழுந்தவன் கையில காப்பி நிக்காது," என்றார். "சரி. இறங்குனவன் ஏறி வா. பொண்ணு வீட்ல ஈர வேட்டியோட நிக்காத."

அவ்வளவுதான். நிச்சயம் ஆயிற்று. மறு வாரம் கிராணியே எங்கள் கடைக்கு வந்தார், கிள்ளான் வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று. அன்று முதல் எங்கள் கடையில் யார் கோலம் என்று சொன்னாலும், தண்ணீர்க் கோலமா மாவுக் கோலமா என்று கேட்காமல் வேலை தொடங்குவதில்லை. நீங்களும் கேளுங்கள். உங்கள் காது உங்களுக்குத் தெரிந்ததைத்தான் கேட்கும். அது காதின் குணம். அதனால் வாடிக்கைக்காரரைக் கையால் காட்டச் சொல்லுங்கள், தரையில் வரைந்து காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

கல்யாணம் அதே கூடத்தில் நடந்தது. மண்டோர் ஆ சோங்கை அக்கா நேரில் போய் அழைத்திருந்தார். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். குளத்தைச் சுற்றிலும், அக்கா ஆசைப்பட்டபடியே, செல்லத்தின் தோழிகள் வெள்ளை மாவில் இழை இழையாகப் போட்டு நிரப்பியிருந்தார்கள். இது என்ன என்று மண்டோர் கேட்டார்.

"கோலம்," என்றார் அக்கா. "புசார்."

மண்டோர் குளத்தையும் மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குனிந்து, வேட்டியைத் தூக்குவது போல் கால்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, பெருவிரலை மெல்ல மாவின்மேல் வைத்து, ஆழம் பார்த்தார்.